பதில் கோராத செய்திகள்: பதின்பருவ உளச்சோர்வும் குறுஞ்செய்தியின் முன்வரலாறும்

நீண்ட பதிவு. இயன்றவர் பொறுமையுடன் வாசிக்க.

சென்ற மாதம் தில்லியில் ஒரு கருத்தரங்கு. கைபேசிவழி உளநலச் சேவை என்பது திறன்பேசி பரவிய பின் தோன்றிய புதுமை என்று ஓர் உரையாளர் குறிப்பிட்டார். அவையில் எவரும் மறுக்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு நானும் வாளாவிருந்துவிட்டேன். மருத்துவ வரலாறு பயில்பவன் என்ற முறையில் அந்த மௌனம் இன்றுவரை உறுத்துகிறது. உளச்சோர்வுற்ற ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ சிகிச்சையாளர் அனுப்பும் நான்கு வரிக் குறுஞ்செய்திக்கு அரை நூற்றாண்டு முன்வரலாறு உண்டு. அதை அறியாது செயலிகளை வடிவமைப்போர், முன்னோர் பெரும்பாடுபட்டுக் கண்டறிந்த ஒன்றை மீண்டும் மீண்டும் தொலைத்துவிடுகின்றனர் என்பது என் கருத்து. எனக்கு இது ஏட்டுப்பொருள் மட்டுமன்று; காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பலரும் இவ்வரலாற்றைத் தொலைபேசியிலிருந்து தொடங்குவர். 1935-இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்னும் இளம் பாதிரியார், தற்கொலை செய்துகொண்ட ஒரு பதின்வயதுச் சிறுமிக்கு இறுதிச்சடங்கு நடத்த நேர்ந்தது. முதன்முறை மாதவிலக்கானதை ஏதோ தகாத நோய் எனத் தவறாக எண்ணி அஞ்சிய குழந்தை அவள். கேட்க அவளுக்கு எவருமில்லை. அந்நிகழ்வு வாராவை விட்டு அகலவேயில்லை. 1953-இல் இலண்டன் தேவாலயம் ஒன்றில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு அவர் அமர்ந்தார்; சமாரிட்டன்ஸ் அமைப்பு அவ்வாறுதான் பிறந்தது. உலகெங்குமுள்ள உதவி எண்களுக்கு அதுவே மூதாதை. சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘சினேகா’வும், 2022 அக்டோபர் 10 அன்று நடுவண் அரசு தொடங்கிய 14416 என்னும் ‘டெலி-மானஸ்’ எண்ணும் அந்த வழியில் வருபவையே. இவற்றின் பயனைக் குறைத்துரைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் இவ்வழியில் ஒரு நிபந்தனை உள்ளது. துன்பத்தில் இருப்பவரே முதலில் எண்ணை அழுத்த வேண்டும். உளச்சோர்வின் இயல்போ, அந்த விரலைத்தான் முதலில் முடக்குகிறது.

குறுஞ்செய்தியின் உண்மையான மூதாதை வேறிடத்தில் இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோ உளமருத்துவர் ஜெரோம் மோட்டோ, இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் படைப்பணியில் இருந்தவர். புறப்படுமுன் அறிமுகமான இளம்பெண் ஒருவர் அவருக்குத் தொடர்ந்து கடிதம் எழுதிவந்தார். காதல் கடிதங்கள் அல்ல; அன்றாடச் செய்திகள். பதில் எழுதவில்லையே என்ற குறைப்பாடும் அவற்றில் இல்லை. தன்னைப் பற்றி எங்கோ ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போர்க்களத்தில் தமக்கு என்ன செய்தது என்பதை அவர் மறக்கவில்லை.

உளச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ நகரின் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டிருந்த ஏறத்தாழ மூவாயிரம் பேரை, 1969 தொடங்கி 1974 வரை மோட்டோவின் குழு நேர்கண்டது. வீடு திரும்பிய பின் தொடர்சிகிச்சை வேண்டா என்றோ, தொடங்கிப் பாதியில் விட்டோ போனவர்கள் அவர்களுள் 843 பேர். மருத்துவம் வழக்கமாகக் கைகழுவிவிடும் கூட்டம் இது. அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். 389 பேருக்குக் கடிதம். 454 பேருக்கு எதுவுமில்லை. முதல் நான்கு மாதங்கள் திங்கள்தோறும், பின்னர் எட்டு மாதங்கள் இரு திங்களுக்கொரு முறை, அதன்பின் நான்காண்டுகள் மும்மாதத்துக்கொரு முறை: ஐந்தாண்டில் மொத்தம் 24 கடிதங்கள்.

அக்கடிதங்களில் என்ன இருந்தது என்பதே இப்பதிவின் உயிர்நாடி. நீங்கள் இங்கிருந்து சென்று சில காலமாயிற்று, நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், எழுதத் தோன்றினால் மகிழ்வோம் என்ற பொருள்பட இரண்டு மூன்று வரிகள். அவ்வளவே. மருந்து உண்கிறீர்களா என்ற வினா இல்லை. சிகிச்சைக்கு வாருங்கள் என்ற அழைப்பு இல்லை. அறிவுரை இல்லை. மருத்துவமனையில் அந்நோயாளியை நேரில் கண்டு பேசியவரே கையொப்பமிட்டார். அச்சிட்ட படிகளைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொன்றும் தனியே தட்டச்சாயிற்று. முன்னர் எழுதிய சொற்களை மீண்டும் எழுதாமல் பார்த்துக்கொண்டனர். உள்ளே முகவரி எழுதிய உறை ஒன்று இருக்கும்; ஆனால் அதில் அஞ்சல்தலை ஒட்டியிருக்காது. ஒட்டியிருந்தால் பதில் எழுதியே தீர வேண்டும் என்ற கடப்பாடு பெறுபவருக்கு எழுமாம். இந்த ஒட்டப்படாத அஞ்சல்தலையைப் பற்றி முதன்முறை படித்த அன்று நூலகத்தில் வேறெதையும் என்னால் படிக்க இயலவில்லை.

ஐந்தாண்டுகளிலும் கடிதம் பெற்றோரிடையே தற்கொலை விழுக்காடு குறைவாகவே இருந்தது. முதலிரண்டு ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதி. கடிதங்கள் நின்ற பின் வேறுபாடு மெல்லத் தேய்ந்து, பதினான்காம் ஆண்டில் மறைந்தது. முழு முடிவுகளும் 2001-இல்தான் அச்சேறின. அதுவரை உளமருத்துவ உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு எளிதான ஒன்று வேலை செய்யக்கூடும் என்பதை நம்புவது கற்றோர்க்குக் கடினமாயிருந்திருக்கும்.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் கிரிகோரி கார்ட்டர் குழுவினர் இதைச் சுருக்கி அஞ்சலட்டையாக்கினர். நஞ்சருந்தி மருத்துவமனை வந்த 772 பேரில் ஒரு பாதியினருக்கு ஓராண்டில் எட்டு அட்டைகள். 2005-இல் வெளியான முடிவு சற்றுச் சிக்கலானது. மீண்டும் முயன்றவர்களின் விழுக்காடு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் அத்தகைய முயற்சிகளின் மொத்த எண்ணிக்கை பாதியாயிற்று. அட்டைகளை மூடிய உறைக்குள் வைத்தே அனுப்பினர். வேறெவர் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்ற கவனம் அது. இந்த உறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிறு விலகல். குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்ற எல்லை எப்படி வந்தது? 1985-இல் ஜெர்மனியின் பான் நகரில் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்னும் பொறியாளர் தம் வீட்டுத் தட்டச்சுப்பொறியின் முன் அமர்ந்து மனம்போன போக்கில் வாக்கியங்களை அடித்து எழுத்துகளை எண்ணினார். பெரும்பாலானவை 160-க்குள் அடங்கின. இது போதுமென்று வாதிட அவர் எடுத்துக்காட்டிய சான்றுகளுள் ஒன்று அஞ்சலட்டை: மக்கள் அட்டைகளில் எழுதுபவை பலவும் 150 எழுத்துகளுக்குள் முடிந்துவிடுகின்றன என்றார். ஆக, 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் அனுப்பிய முதற் குறுஞ்செய்தி, அளவிலேனும் அஞ்சலட்டையின் வாரிசு. மோட்டோவின் கடிதம் அட்டையாகி, அட்டை குறுஞ்செய்தியானது தற்செயல்தான். எனினும் வரலாற்றில் இத்தகைய தற்செயல்கள் எனக்குப் பிடிக்கும்.

நம் நாட்டுக்கும் இதில் இடமுண்டு. உலக நலவாழ்வு அமைப்பு காம்பினாஸ், சென்னை, கொழும்பு, காரஜ், யூன்செங் ஆகிய ஐந்து நகரங்களில் நடத்திய ஆய்வில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனை வந்த 1867 பேர் இடம்பெற்றனர். ஒரு குழுவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றொரு குழுவினருக்கு ஒரு மணிநேர உரையாடலும், அடுத்த பதினெட்டு மாதங்களில் தொலைபேசியிலோ நேரிலோ ஒன்பது முறை நலம் உசாவலும். 2008-இல் வெளிவந்த முடிவு: தற்கொலையால் மாண்டோர் முதற்குழுவில் 2.2 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 0.2 விழுக்காடு. சென்னையில் நடந்த பகுதியைத் தமிழில் ஒருவரேனும் விரிவாக எழுதியிருக்க வேண்டும். என் கண்ணில் படவில்லை.

இதுவரை சொன்னது ஒரு கிளை. பதின்பருவத்தினருக்கான கைபேசித் திட்டங்களில் இதைவிடப் பெரிதாகக் கிளைத்தது வேறொன்று. அது வீட்டுப்பாடத்தின் கிளை.

ஆரன் பெக் உருவாக்கிய, சி.பி.டி. என்று சுருக்கமாக வழங்கும் சிகிச்சைமுறை, நோயாளியிடம் வேலை வாங்கும் முறை. எப்போது மனம் சோர்ந்தது, அப்போது என்ன எண்ணம் ஓடியது, அவ்வெண்ணம் மெய்தானா என்று நாள்தோறும் தாளில் குறித்துவர வேண்டும். இது பயன்தரும் முறை என்பதில் ஐயமில்லை. சிக்கல் தாளில்தான். 2002-இல் ஆர்தர் ஸ்டோன் குழுவினர் நாட்பட்ட வலியுள்ளோரிடம் குறிப்பேடுகளைக் கொடுத்து, அவை எப்போது திறக்கப்படுகின்றன என்பதைக் காட்டும் ஒளியுணரியை அவர்களறியாமல் உள்ளே பொருத்தினர். குறித்த நேரத்தில் எழுதியதாக அவர்கள் காட்டியது 90 விழுக்காடு. மெய்யாக எழுதியது 11 விழுக்காடு. மருத்துவரைக் காணச் செல்லும் நாளில், பேருந்திலேயே ஒரு வாரத்துக் குறிப்பையும் நிரப்பிய அனுபவம் நம்மில் பலருக்கு வேறு ஏடுகளில் உண்டு. முதியோரே இப்படியெனில் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் என்ன எதிர்பார்ப்பது?

டப்ளின் நகர ட்ரினிட்டி கல்லூரியில் மார்க் மாத்யூஸ், காவின் டோஹர்ட்டி முதலானோர் 2008 அளவில் இதற்குக் கண்ட விடை எளியது: குறிப்பேட்டைக் கைபேசிக்குள் வைத்துவிடுவது. வகுப்பில் மனநிலைக் குறிப்பேட்டைத் திறக்கும் மாணவி தனித்துத் தெரிவாள். கைபேசியில் விரலோட்டும் மாணவி எல்லோரையும் போன்றவள். தாளில் எழுதியோரைவிடக் கைபேசியில் பதிந்தோர் ஒழுங்காகப் பதிந்தனர். சிகிச்சையாளர் முன் வாய்திறக்கக் கூசும் பிள்ளைகளுக்கு, திரையில் விரியும் வாரத்து வரைபடம் பேச்சுக்கு ஒரு பிடிமானமாக அமைந்தது. மெல்பேர்னில் 14 முதல் 24 வயது வரையுள்ளோரிடம் நடந்த ஆய்வில், கைபேசியில் மனநிலையைப் பதிந்தவர்களுக்குத் தம் உணர்வைத் தாமே இனங்காணும் திறன் கூடியது. அதன்வழிச் சோர்வும் குறைந்தது. அந்தப் பதிவுகளின் தொகுப்பு குடும்ப மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறிப்பைப் படிக்க ஒருவர் இருந்தார்.

ஜெர்மனியில் ஸ்டெபானி பவர் 2003-லேயே, உணவுண்ணல் கோளாறுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியோரை வாரந்தோறும் தம் நிலையைக் குறுஞ்செய்தியில் அனுப்பச் செய்து, அதற்கேற்ப மறுமொழி செல்லும் ஏற்பாட்டைச் செய்திருந்தார். மோட்டோவின் சான் பிரான்சிஸ்கோவிலேயே 2011-இல் ஏட்ரியன் அகிலேராவும் ரிக்கார்டோ முன்யோஸும் பொது மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளிகளின் சி.பி.டி. குழுச் சிகிச்சையோடு குறுஞ்செய்தியை இணைத்தனர். இவர்கள் பதின்பருவத்தினர் அல்லர். ஆயினும் அவர்கள் சொன்னது நம் பொருளுக்கு இன்றியமையாதது. செய்திகளைத் தானியங்கிக் கணினியே அனுப்பியது. வீட்டுப்பாடத்துக்குத் துணையாகவே அது திட்டமிடப்பட்டது. நோயாளிகள் நன்றியுடன் நினைவுகூர்ந்ததோ, தம்மை ஒருவர் நினைத்துப் பார்க்கிறார் என்ற உணர்வை. வீட்டுப்பாடமாகப் புறப்பட்ட செய்தி, கதவைத் தட்டும்போது மோட்டோவின் கடிதமாக மாறியிருந்தது.

இப்பொழுது ஆக்லாந்து. இந்த ஆய்வைப் பற்றிப் பேசாமல் நழுவுவோர் மிகுதி. சாலி மெர்ரி, ராபின் விட்டாக்கர் முதலானோர் நியூசிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 13 முதல் 17 வயதுள்ள 855 மாணவரிடம் ‘மெமோ’ என்ற திட்டத்தை நடத்தினர். உளச்சோர்வு வருமுன் காப்பதே நோக்கம். ஒரு குழுவுக்கு ஒன்பது வாரங்கள், நாளொன்றுக்கு இரண்டு செய்திகளாக, சி.பி.டி. கருத்துகள் எழுத்தாகவும் காணொளியாகவும் கேலிச்சித்திரமாகவும் சென்றன. மற்றக் குழுவுக்கும் அதே எண்ணிக்கையில், அதே வடிவில் செய்திகள். ஆனால் பொருள் வேறு: நல்லுணவு, சுற்றுச்சூழல், இணையப் பாதுகாப்பு. மாணவர் விரும்பினர், நண்பருக்கும் பரிந்துரைப்போம் என்றனர் பெரும்பாலோர். 2012-இல் வெளியான இச்செய்தியை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. 2017-இல் வெளியான முழுமுடிவோ வேறு: சோர்வைத் தடுப்பதில் இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடே இல்லை.

இதைக் கொண்டு, குறுஞ்செய்தியால் பயனில்லை என்பது அவசர முடிவு. இரு குழுவினருக்கும் நாளிருமுறை ஏதோவொன்று வந்துகொண்டிருந்தது; செய்தியே பெறாத மூன்றாம் குழு இல்லை. ஆகவே அந்த ஆய்வு விடையளித்த வினா ஒன்றே: செய்தியின் உள்ளடக்கம் தனித்து மருந்தாகுமா? ஆகவில்லை என்பதே விடை. அம்மாணவர்களுக்குச் செய்தி அனுப்பியவர் யார்? எவருமிலர். அவர்களை நேரில் கண்டு பேசி, பெயரறிந்து, கையொப்பமிட்டவர் ஒருவரும் அச்செய்திக்குப் பின்னால் நிற்கவில்லை. மோட்டோவிடமிருந்து கடிதத்தின் வடிவை எடுத்துக்கொண்டு கையொப்பத்தை விட்டுவிட்டால் என்ன எஞ்சும் என்பதற்கு ஆக்லாந்து ஒரு சான்று என்று நான் வாசிக்கிறேன். என் வாசிப்பை ஆய்வாளர்கள் ஏற்க வேண்டும் என்பதில்லை. கையொப்பமும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்: அமெரிக்கப் படைவீரர் 658 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் பதினொரு நலம்நாடும் குறுஞ்செய்திகள் சென்றன. முதன்மையாக அளக்கப்பட்டவற்றில் வேறுபாடு தென்படவில்லை. தற்கொலை எண்ணமும் முயற்சியும் ஓரளவு குறைந்தமை இரண்டாம்நிலை அளவீடுகளில்தான் தெரிந்தது.

இனி, காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன் என்றேனே, அது.

2010-இல் தில்லியில் பதினொன்றாம் வகுப்பில் இருந்தேன். அவ்வாண்டின் பெரும்பகுதியை நான் படுக்கையிலேயே கழித்தேன் என்று சொன்னால் போதும். ஒரு மருத்துவமனையின் ஆலோசகரிடம் வாரமொருமுறை அப்பா அழைத்துச் செல்வார். வீட்டில் இருந்தது அம்மாவின் பழைய நோக்கியா கைபேசி ஒன்றுதான். அப்பாவின் எண்ணை அலுவலகத்துக்கு மட்டும் வைத்திருந்தார். ஆலோசகர், நடுவில் நினைவூட்டச் செய்தி அனுப்பலாமா என்று கேட்டார். அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். முதற் செய்தி, மாத்திரை உண்டாயா, எண்ணக் குறிப்பை எழுதினாயா என்று ஆங்கிலத்தில் வந்தது. அவ்வேளை வீட்டுக்கு வந்திருந்த மாமா, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதே என்ற நல்லெண்ணத்தில் அதைக் கூடத்தில் உரக்கப் படித்தார். அன்று மாலைக்குள் மதுரைவரை செய்தி போய்விட்டது. “அவனுக்கு என்னக்கா குறைச்சல்?” என்று மாமா அம்மாவிடம் கேட்டது சுவருக்கு அப்பால் எனக்குக் கேட்டது. அடுத்த இரு வாரங்கள் சிகிச்சைக்குச் செல்ல மறுத்தேன்.

மூன்றாம் வாரம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் வருத்தம் தெரிவித்தார். அதன்பின் வேறு மாதிரி எழுதத் தொடங்கினார். வேறெவர் படித்தாலும் எதுவும் தெரியாதபடி எழுத வேண்டுமல்லவா? எனவே நோய் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இங்கே மழை, அங்கே பெய்ததா? நீ சொன்ன புத்தகத்தை வாங்கிவிட்டேன். இன்று மெட்ரோவில் உன் பள்ளிச் சீருடையில் ஒரு கூட்டம் ஏறியது. ஞாயிறுதோறும் ஒன்று, கீழே பெயரின் முதலெழுத்துடன். நான் பதில் அனுப்பியவை மிகச் சில. அவர் கேட்கவுமில்லை. பள்ளி முடிந்து ஓராண்டு கழித்தும் அவை அவ்வப்போது வந்தன.

அக்கைபேசியில் செய்திப்பெட்டி விரைவில் நிரம்பிவிடும். அழித்தால்தான் புதியது வரும். அம்மா எரிவாயு முன்பதிவுச் செய்திகளை அழிப்பார், சித்தி அனுப்பிய பொங்கல் வாழ்த்தையும் அழிப்பார். படிக்கத் தெரியாத அந்த ஆங்கிலச் செய்திகளை மட்டும் அழிக்கவேயில்லை. ஏனென்று நான் கேட்டதுமில்லை.

மோட்டோவை நான் படித்தது அதற்குப் பல்லாண்டுகள் கழித்து. அவர் ஆய்ந்து சென்றடைந்த இடத்துக்கு என் ஆலோசகரைத் தள்ளியது, பகிர்ந்துகொள்ளப்பட்ட ஒரு கைபேசி. உறை இல்லாத அஞ்சலட்டையாக அது இருந்தமையால், சிகிச்சை முழுவதையும் செய்தியிலிருந்து வெளியேற்ற வேண்டியதாயிற்று. எஞ்சியது நலம் உசாவல் மட்டுமே. ஒரே ஒருவருடைய அனுபவத்திலிருந்து விதி வகுக்கக் கூடாது என்பதை அறிவேன். இதை நான் சான்றாக முன்வைக்கவில்லை. நான் எவ்விடத்தில் நின்று இவ்வரலாற்றை வாசிக்கிறேன் என்பது வாசிப்போருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதினேன்.

ஆயினும் பகிர்ந்த கைபேசி என்பது என் வீட்டுக் கதை மட்டுமன்று. டப்ளினிலும் ஆக்லாந்திலும் ஆய்வாளர்கள் ஐயத்துக்கிடமின்றிக் கொண்ட ஒரு முற்கோள், கைபேசி அப்பிள்ளைக்கே உரியது என்பது. இந்தியாவில் 26 மாநிலங்களின் ஊர்ப்புறங்களில் 14 முதல் 18 வயதுள்ளோரிடம் ‘அசர்’ அமைப்பு நடத்திய 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஏறத்தாழத் தொண்ணூறு விழுக்காட்டு வீடுகளில் திறன்பேசி இருந்தது. திறன்பேசியை இயக்கத் தெரிந்தவர்களுள் அதைத் தமதென வைத்திருந்தோர், ஆண்பிள்ளைகளில் 43.7 விழுக்காடு, பெண்பிள்ளைகளில் 19.8 விழுக்காடு. ஐந்தில் நான்கு பெண்பிள்ளைகளுக்கு வரும் செய்தியை அண்ணனோ அப்பாவோ முதலில் பார்க்கக்கூடும் என்று இதற்குப் பொருள். நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16-இல் நடந்த தேசிய உளநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனுமோர் உளநலச் சிக்கல் உண்டு என்று கண்டது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் நம் நாட்டில் இத்தகைய திட்டம் எதையும் வரையக் கூடாது. வீட்டாரின் அறிவும் இசைவும் இன்றிப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் செய்தி அனுப்பலாகாது என்பது ஒருபுறம். வீட்டாரே துன்பத்துக்குக் காரணமாயிருப்பின் என்ன செய்வது என்பது மறுபுறம். இதற்கு என்னிடம் விடையில்லை.

எழுத்துருவின் கதையும் ஒன்றுண்டு. ஹில்லெபிராண்டின் 160, இலத்தீன எழுத்துக்கு உரியது. தமிழிலோ இந்தியிலோ அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 இடங்களே. ‘கைபேசி’ என்ற மூன்றெழுத்துச் சொல்லே அவற்றில் ஆறு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, அக்காலக் கைபேசிகள் பலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். என் ஆலோசகர் தமிழர் அல்லர்; தமிழராயிருந்தாலும் ஆங்கிலத்தில்தான் எழுதியிருப்பார். அப்படியிருந்தும் அம்மா அவற்றைக் காத்தார் என்பதை நினைக்கும்போது, செய்தியின் உள்ளடக்கம் குறித்த என் ஆய்வுக் குறிப்புகள் எல்லாம் சற்றே ஆட்டம் காண்கின்றன.

அரசுக்கோ குறுஞ்செய்தி வேறொன்றாகத் தெரிந்தது. 2011 செப்டம்பரில் தொல்லைதரும் விளம்பரங்களைத் தடுக்கவென நாளொன்றுக்கு நூறு என்று வரம்பிட்டனர். வடகிழக்கு மாநிலத்தவர் குறித்த வதந்தி பரவிய 2012 ஆகஸ்டில், ஒரே வேளையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்பப் பதினைந்து நாள் தடை வந்தது. விளம்பரமும் வதந்தியும் ஊர்ந்த அதே கம்பியற்ற தடத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைச் செய்திகளும் வந்தன.

அமெரிக்காவில் 2013-இல் தொடங்கிய ‘க்ரைசிஸ் டெக்ஸ்ட் லைன்’ பதின்வயதினரிடையே விரைந்து பரவியது. அழைத்துப் பேசுவதைவிடச் சத்தமின்றி எழுதுவது அவர்களுக்கு எளிது. பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்காது. 2022 சனவரியில் ‘பொலிட்டிகோ’ ஒரு செய்தி வெளியிட்டது. அவ்வுரையாடல்களின் தரவு, பெயர் நீக்கப்பட்ட வடிவில், வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் துணை நிறுவனத்துக்குப் பகிரப்பட்டிருந்தது. கண்டனம் எழுந்ததும் பகிர்வை நிறுத்தினர். மோட்டோவின் அலுவலகத்தில் பதில் கடிதங்கள் கோப்புகளில் உறங்கின. இன்றைய பதில்கள் உறங்குவதில்லை. அண்மையில் வந்த உரையாடல் இயந்திரங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவற்றின் வரலாற்றை எழுத இன்னும் பத்தாண்டேனும் பொறுக்க வேண்டும்.

ஆய்வாளனாக என் உடனடிச் சிக்கல் வேறு. மோட்டோவின் கடிதங்களை அவற்றைப் பெற்றோர் பெட்டியில் வைத்திருக்க முடிந்தது. 2000-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட இந்தியக் குறுஞ்செய்திகளுக்கு ஆவணக்காப்பகம் எதுவுமில்லை. சேவை நிறுவனங்கள் அவற்றைக் காத்து வைக்கவில்லை. கைபேசிகள் பழைய இரும்புக்குப் போயின. ஆசிரியர், ஆலோசகர், செவிலியர், விடுதிக் காப்பாளர் எத்தனை பேர் எந்தத் திட்டமுமின்றித் தாமாகவே இத்தகைய செய்திகளைப் பிள்ளைகளுக்கு அனுப்பியிருப்பர் என்பதை அறிய வழியே இல்லாமற் போகிறது.

அம்மாவின் நோக்கியாவைச் சென்ற வாரம் கஃபார் மார்க்கெட்டுக்கு எடுத்துச் சென்றேன். மின்கலம் உப்பிப் பின்மூடியைத் தள்ளியிருந்தது. கடைக்காரர் திறந்து பார்த்து, உள்நினைவகம் போய்விட்டது, சிம் அட்டையில் இருந்தால் உண்டு என்றார். பழைய செட் ஒன்றில் அந்த சிம்மைப் போட்டார். ஒன்பது செய்திகள் இருந்தன. அவற்றுள் ஒன்று எரிவாயு முன்பதிவு. எப்படியோ அழிபடாமல் தப்பியிருக்கிறது. மற்ற எட்டும் அவருடையவை. அவரை நேரில் கண்டு இசைவு பெறும்வரை அவற்றை ஆய்வேட்டில் சேர்க்கப்போவதில்லை.

இதைப் படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். அக்காலத்தில் ஆசிரியராகவோ ஆலோசகராகவோ இருந்து இவ்வகைச் செய்திகளை அனுப்பியவர்கள், பெற்றவர்கள், பழைய கைபேசியையோ சிம் அட்டையையோ இன்னும் தூக்கியெறியாதவர்கள் தனிச்செய்தியில் தொடர்புகொள்ளுங்கள். செய்தியின் வாசகத்தை அனுப்ப வேண்டா. அது உங்களிடமே இருக்கட்டும். எந்த ஆண்டு, எந்த மொழி, யாருடைய கைபேசிக்கு வந்தது, பதில் அனுப்பினீர்களா என்ற நான்கு விவரங்கள் போதும். பதில் எழுத மனமில்லையெனில் அதுவும் சரியே.